விளக்கெண்ணெய்க்குத் திரி கொடுப்பதில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, முதல் பாடவேளை முடிவதற்குள், திருப்பதி பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் பள்ளிக்கூட வாசலில் மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பவுண்டர் ஞானமுத்து அவர்களின் மனைவி ரெபேக்காள் அம்மாள் பென்சிலால் எழுதியிருந்தார். ஐயா நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கர்த்தருக்குள் நித்திரையானார், கஷ்டப்படவில்லை, இன்று நாலு மணிக்கு அடக்கம்.

படித்ததும் எனக்கு முதலில் உண்டானது துக்கம் அல்ல, நிம்மதி. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இல்லாததை இருப்பதாக எழுதுவது அவருக்கும் பிடிக்காது, எனக்கும் வராது. கால் வீங்கி மாதக்கணக்கில் படுத்திருக்க நேரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்படி நேரவில்லை. அது ஒரு காரணம். மற்றது என்னுடையது. நான்கு வருஷமாக அவரிடம் மறைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தைப் பத்து நாளைக்கு முன்னால்தான் திருப்பதிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கோடை விடுமுறை வரட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் அடக்கத்துக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு வேலிதான். நான் தலைமை ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் குந்திக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் அடியில் வாணலியை வைத்து எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சைடுகார் நிழலில் அவருடைய கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர்தான் கம்பவுண்டர் ஐயா. வாரத்தில் நான்கு நாள் மருந்துப் பெட்டியைச் சைடுகாரில் வைத்துக்கொண்டு கார்வேட்டிநகரம் வரைக்கும் கிராமம் கிராமமாகப் போய் வருவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மீசையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிரசங்கத்தின் இரண்டாம் பாதியில் தூங்குவார். சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். இவற்றையும் எழுதுவது, அவரைத் தெரிந்தவர்கள் இது வேறு யாரோ என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவர் தூங்கியதே இல்லை. வண்டி ஓடி வந்து சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துவிட வேண்டும். ஆறினால் அழுக்கு அடியில் தங்கிவிடும். புது எண்ணெயை மல்துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். ஒரு எண்ணெயோடு இன்னொன்றைக் கலக்கவே கூடாது. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரெண்டு சபைக்காரங்கள ஒரே கோயில்ல உக்கார வெச்சா எப்பிடி, டீச்சரம்மா? ஞாயித்துக்கெழம நல்லாத்தான் கீது. திங்கக்கெழம பாத்தா பிசினு."

யுத்தம் வந்து, சீமையிலிருந்து வரும் இன்ஜின் எண்ணெய் நின்றுபோனபோது, அவர் விளக்கெண்ணெய்க்கு மாறினார். ஆஸ்பத்திரியில் பேதிக்குக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய். எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. அவர் தோசைக்கல்லைச் சாய்வாக வைத்துச் சூடாக்கி, மிச்சமிருந்த சீமை எண்ணெயில் ஒரு சொட்டும் விளக்கெண்ணெயில் ஒரு சொட்டும் விட்டுக் காட்டினார். சீமை எண்ணெய் தண்ணீர்போல ஓடிற்று. விளக்கெண்ணெய் அவசரப்படாமல் இறங்கிற்று.

"பாத்தீங்களா? எவ்ளோ சூட்டுலயும் இரும்ப வுடாது."

"இது தோசைக்கல். இன்ஜின் அல்லவே," என்றேன்.

"இன்ஜினும் தோசைக்கல்லுதான். என்னா, கொஞ்சம் சத்தம் போடும்."

ஒரேயடியாக அவர் சொன்னது சரியாகவும் இல்லை. விளக்கெண்ணெய் நாளாவட்டத்தில் பிசின் கட்டும். அதனால் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டியிருந்தது. அதை அவரே ஒப்புக்கொண்டார். புகையில் அந்த வாசனை வருவதால் கிராமத்துப் பிள்ளைகள் அவருக்குப் 'பேதி ஐயர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதையும் அவரே வந்து சொல்லிச் சிரித்தார்.

அந்த வருஷம் மழைக்காலம் முடியும் சமயத்தில் எங்கள் விடுதியில் ரூத் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. சித்தூரில் அதற்கான சீரம் தீர்ந்துவிட்டிருந்தது. திருப்பதியில் இருக்கிறது என்று தந்தி வந்தது. சாயங்கால ரயிலை நம்பினால் மறுநாள்தான் கையில் கிடைக்கும். அந்தப் பெண் அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் கிளம்பினோம். பெண்ணுக்குப் பொறுப்பானவள் என்ற முறையில் கையெழுத்துப் போட நான் போக வேண்டியிருந்தது.

திருப்பதி சேரும்போது எண்ணெய்க் குழாயின் மரை தளர்ந்து, வழியெல்லாம் சொட்டி, தொட்டியில் அடிமண்டிதான் மிச்சம் இருந்தது. அவர் மரையை இறுக்கினார். மண்டியை வடித்துக் கீழே விட்டார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த என்னிடம் புனலையும் மல்துணியையும் கொடுத்தார்.

"நான் உள்ள போயி சீரத்த ஐசுல கட்டி வாங்கினு வரேன். நீங்க கடையில நல்ல விளக்கெண்ணெயா வாங்கி ஊத்திடுங்க. ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல ஆயிடும்."

திருப்பதிக் கடைக்காரர்களுக்குத் தமிழ் தெரியும். நாள்தோறும் தமிழ்நாட்டு யாத்திரிகர்களுக்கு விற்பவர்கள். நான் தமிழிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் சென்னையில் பட்டத்துக்குப் படித்தபோது இரண்டாம் மொழியாகத் தெலுங்கு எடுத்தவள். அந்தப் பெருமையில், விளக்கெண்ணெய் என்பதை மனத்துக்குள் மொழிபெயர்த்து, "தீபம் நூனெ" என்று தெளிவாகக் கேட்டேன். கடைக்காரர் தெளிவாகக் கொடுத்தார். ஒரு கட்டுப் பஞ்சுத் திரியும் இனாமாகக் கொடுத்தார். கை துடைப்பதற்கு என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எண்ணெயை அவர் சொன்னபடியே துணியில் வடிகட்டி ஊற்றினேன். மனமெல்லாம் அந்தப் பெண்ணின் மூச்சில் இருந்தது. எண்ணெயை முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

சந்திரகிரியை நெருங்கும்போது மரை மறுபடியும் சொட்டிற்று. அவர் வண்டியை நிறுத்திக் குழாயைக் கழற்றினார். விரலில் பட்ட எண்ணெயைக் கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டு போனார். பிறகு, "சுத்தறதுக்கு நூலு எதனா கீதா, டீச்சரம்மா?" என்றார். பையிலிருந்து திரிக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதாவது உபயோகமாச்சே," என்று சொல்லி, ஒரு திரியை மரையில் சுற்றி இறுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் வண்டியை வேகமாக விடவில்லை. சில மைலுக்கு ஒருமுறை நிறுத்தி, இன்ஜின் ஆறட்டும் என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாகாலாவைத் தாண்டியும் எண்ணெயில் பலகாரம் வேகும் வாசனை வந்தது. காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"பக்கத்தில் யாரோ வடை சுடுகிறார்கள்போல," என்றேன்.

"ஆமா டீச்சரம்மா," என்றார். "நம்ம கூடவே வந்துகினு சுடறாங்க."

வேடிக்கை பேசுகிற நேரமா இது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்று மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தோம். வேப்பமரத்தடியில் இன்ஜின் ஒரு தடவை இருமி நின்றுவிட்டது. நான் சீரத்தோடு ஓடினேன். மறுநாள் காலையில் ரூத் கஞ்சி கேட்டாள். மோட்டார் சைக்கிள்தான் கிளம்பவில்லை. சில வாரத்தில் அதன்மேல் கோணிப்பை போர்த்தியிருப்பதை வேலி வழியாகப் பார்த்தேன். கம்பவுண்டர் ஐயா சைக்கிளில் கிராமத்துக்குப் போகத் தொடங்கினார்.

அந்தப் பயணத்துக்கு அடுத்த வாரம் எங்கள் தெலுங்குப் பண்டிதரிடம் பேச்சுவாக்கில், விளக்கெண்ணெய்க்குத் தெலுங்கில் என்ன என்று கேட்டேன். ஆமுதம் என்றார். அப்படியானால் தீபம் நூனெ? "கோயில்ல விளக்கேத்தற நல்லெண்ணெய், அம்மா," என்றார்.

அந்த மாத மிஷன் கமிட்டியில் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. விளக்கெண்ணெய்ப் பரீட்சையின் பலன் இதுதான் என்று ஒருவர் சொன்னார். கம்பவுண்டர் ஐயா எழுந்து, "எண்ணெய் என் பொறுப்புங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிர் நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வண்டி என்ன ஆயிற்று என்றும் பிறகு ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அவர் வெயிலில் சைக்கிள் மிதித்துப் போகும் நேரத்தில் நான் வேலிப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். யுத்தம் முடிவதற்குள் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருப்பதியில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுத்தான் பத்து நாளைக்கு முன்னால் போனேன். கால்களை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் ஒப்பிப்பதுபோல இருந்திருக்கும். அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"சந்திரகிரியிலயே தெரியும், டீச்சரம்மா," என்றார். "விளக்கெண்ணெய்க்கு எவனாவது திரி இனாம் குடுப்பானா?"

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா இன்னா ஆவும்? நடுரோட்டுல நீங்க அழுதுகினு நிப்பீங்க. உங்கள சமாதானம் பண்றதா, வண்டிய ஓட்டறதா? நல்லெண்ணெயும் எண்ணெதான். பாத்து ஓட்டுனா ஊரு போய்ச் சேரும்னு எனக்குத் தெரியும்."

"கமிட்டியில் சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு? டீச்சரம்மா எம் பொழப்புல நல்லெண்ணெய ஊத்திட்டாங்கன்னா?" சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. ரெபேக்காள் அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து, "சிரிக்காதீங்கன்னு டாக்டரு சொன்னாரில்ல," என்று அதட்டினார். அவர் குடித்துவிட்டுச் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"வண்டி உங்க எண்ணெயால போவலம்மா. இன்ஜின் உள்ள கீற வளையம் விளக்கெண்ணெய் பிசின் கட்டி ஒட்டிக்கிச்சி, அவ்ளோதான். கமிட்டி முடிஞ்சப்புறம் மண்ணெண்ணெயில ஊறவெச்சி, ஒரே வாரத்துல ஓடவெச்சேன். அதுக்குள்ள பெட்ரோல் கூப்பன நிறுத்திட்டான். அதான் கோணி போத்தி வெச்சேன். நீங்க நாலு வருசமா இத்தயா சுமந்துகினு இருந்தீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். ரெபேக்காள் அம்மாள் எனக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்குச் சித்தூர் ஆஸ்பத்திரியின் புதுக் கம்பவுண்டர் அந்த மோட்டார் சைக்கிளிலேயே வந்திருந்தார். இப்போது பெட்ரோலும் கிடைக்கிறது, சீமை எண்ணெயும் கிடைக்கிறது. சைடுகாரில், வெள்ளைச் சேலையில், நர்ஸ் படிப்புக்குச் சேர இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்து வந்தாள். அது ரூத். கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் செய்யும்போது, நான் வழக்கம்போல முழுவதும் கண்ணை மூடவில்லை. சுவர் ஓரமாக வண்டி நின்றிருந்தது.

எல்லாரும் மண் போட்டுவிட்டுக் கலைந்த பிறகு அதனருகே போய்க் குனிந்து பார்த்தேன். எண்ணெய்க் குழாயின் மரையில் கறுத்துப்போன ஒரு திரி சுற்றியிருந்தது. விரலால் தொட்டேன். காய்ந்து இறுகியிருந்தது. வண்டியின் அடியில் மண்ணையும் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

போய் வாருங்கள், கம்பவுண்டர் ஐயா. இன்னும் கசியவில்லை.