சிவப்புக் கண்களும் ஒரு வெள்ளைக் கண்ணும்

சின்ன டிஜிட்டல் கேமராவை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளே ஃபிளாஷ் படம் எடுத்துப் பிழைப்பது என்றால், பாதி நாள் படம் எடுப்பது, மீதி நாள் எடுத்த படத்துக்காக மன்னிப்புக் கேட்பது.

எங்கள் உத்தமபாளையம் பக்கம் பெண்கள் மட்டும் கூடியிருக்கிற அறைக்குள் ஆண் போட்டோகிராபர் நுழைய முடியாத வீடுகள் நிறைய. அங்கேயெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். கான்வெண்டில் படித்தவள் என்பதால் பெயரே 'கான்வெண்ட்டு' ஆகிவிட்டது. ஜன்னல்களைச் சாத்தியிருப்பார்கள். ஒரே ஒரு டியூப்லைட் அழுதுகொண்டிருக்கும். உள்ளே நாற்பது பேர். என் கையில், ஜீப் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் குமுளியில் யாரிடமோ வாங்கிவந்த சோப்பு டப்பா அளவு கேமரா, இடுப்பில் பத்து மாத மகள். உங்களிடமும் இப்படி ஒரு கேமராவைக் கொடுத்து, 'நீயே எடுத்துரு தாயி' என்று சொல்லியிருந்தால், இது உங்களுக்காகத்தான்.

முதல் மின்னல்

கண் சிவக்காமல் இருக்க கேமராவில் ஒரு வசதி உண்டு. முதலில் ஒரு தடவை சும்மா மின்னும், ஒரு விநாடி கழித்து நிஜ ஃபிளாஷ் அடிக்கும். இது எனக்குத் தெரியும். சின்னமனூரில் வளைகாப்புக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. வளையல் போட்ட ஏழு பெண்களும் கர்ப்பிணியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். முதல் மின்னல் அடித்ததும் படம் முடிந்தது என்று எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிட்டார்கள்.

படத்தில் ஏழு பட்டுச்சேலை இடுப்புகள், நடுவில் ஒரே ஒரு முகம். இனிமேல் 'ரெண்டு தடவை மின்னும், ரெண்டாவது வரைக்கும் அசையாதீங்க' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் படித்தேன். படத்தை நீட்டினேன். கர்ப்பிணியின் மாமியார் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பரவாயில்ல தாயி, எந்திரிக்க முடியாதவ மொகமாவது விழுந்திருக்கே."

குனிந்த தலை

கம்பத்தில் ஒரு நிக்காஹ் வீடு. அந்த வீட்டு வழக்கப்படி மணப்பெண் அன்றைக்குத் தலையை நிமிர்த்தக் கூடாது. நான் பழக்க தோஷத்தில் 'ஸ்மைல் ப்ளீஸ்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அறுபது படம் எடுத்தேன், அறுபதிலும் இமை. நம்மைத்தானே குறை சொல்வார்கள் என்ற பயத்தில், பெண்ணின் காதருகே போய், ஒரே ஒரு தடவை என்னைப் பாரும்மா என்று கெஞ்சினேன். பாவம், பார்த்தது. பளிச்சென்று அடித்தேன்.

நான் எடுத்த ஆல்பங்களிலேயே சிவப்புக் கண் தொல்லை இல்லாதது அது ஒன்றுதான். கண் தெரிந்தால்தானே சிவக்க? கண் திறந்தும் சிவக்காத அந்த ஒற்றைப் படத்தைப் பெருமையாக முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பெண்ணின் பெரியம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, ஆல்பத்தை முதல் பக்கத்துக்கே திருப்பினார்.

"மூடியிருக்கறதெல்லாம் நல்லாருக்கு கான்வெண்ட்டு. தெறந்திருக்கிற இந்த ஒண்ண மட்டும் எடுத்துப் போட்ரு, மாப்ள வீட்டுக்காரக பாத்துறப் போறாக."

பட்டர் பேப்பர்

பீரோக் கண்ணாடிக்கு நேராக நின்று அடித்தால் ஃபிளாஷ் நம் மேலேயே திரும்பும், கொஞ்சம் சாய்ந்து நில்லுங்கள். எண்ணெய் வழியும் முகம் என்றால் பேக்கரியில் கேக் சுற்றித்தரும் பட்டர் பேப்பரில் ஒரு துண்டை ஃபிளாஷ் மேல் ஒட்டுங்கள், வெளிச்சம் பதமாக விழும். கண் சிவக்காமல் இருக்க வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போடுங்கள். வெளிச்சத்தில் கருமணி சுருங்கிவிடும், சிவப்பு குறையும். இவ்வளவும் தெரிந்த நான், வீரபாண்டியில் தீச்சட்டி எடுத்து நேர்த்திக்கடன் முடித்த ஒரு வீட்டில், கரண்ட் இல்லாத நேரத்தில் போய்ச் சிறுவனைப் படம் எடுத்தேன். இரண்டு கண்ணும் தணல் மாதிரி வந்தன.

கம்ப்யூட்டரில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லச் சொல்ல, அவன் அம்மா முந்தானையால் படத்தை மூடினார்.

"அம்மை எறங்கி ஒரு மாசமாச்சு. இந்தக் கண்ணப் பாத்தா ஆத்தா இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கான்னுல்ல ஊர்ல சொல்லுவாக."

மாறாத கண்

அதன் பிறகு பிரவுசிங் சென்டரில், திரை போட்ட மூலை கேபினில் உட்கார்ந்து ஒவ்வொரு சிவப்புக் கண்ணையும் கருப்பாக்குவதே வேலையாயிற்று. மவுஸைக் கண் மேல் வைத்து ஒரு அழுத்து, கருப்பாகிவிடும். ஒருநாள் கூடலூரிலிருந்து ஒரு அக்கா தன் வீட்டு விசேஷப் படங்களைப் பொறுக்க வந்து பக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மெமரி கார்டில், பட்டர் பேப்பரைச் சோதிக்க நான் என் மகளை எடுத்த படமும் இருந்தது. இடது கண் சிவப்பு. அழுத்தினேன், மாறியது. வலது கண் வெள்ளை, வேகவைத்த முட்டை மாதிரி. அழுத்தினேன். மாறவில்லை. கம்ப்யூட்டர் சிவப்பைத்தான் தேடும்.

பிரஷ்ஷை எடுத்துக் கருப்புப் பூசப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஃபிளாஷில் சிவப்பாகத் தெரிவதுதான் இயல்பான கண், குழந்தை கண்ணில் இப்படி வெள்ளை தெரிந்தால் சில குழந்தைகளுக்கு உள்ளே கட்டி இருக்கும் என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை, கடைசியாகச் சொன்னதைத் தவிர.

"அதக் கருப்பாக்கிராதீக. அப்படியே கொண்டுபோய் மதுரையில கண் டாக்டர்ட்ட காட்டுங்க."

விளக்கை அணைத்து

மதுரை போக நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் உங்களுக்குச் சொன்ன பாடத்தையெல்லாம் தலைகீழாகச் செய்தேன். விளக்கை அணைத்தேன். பட்டர் பேப்பரைக் கிழித்தேன். முதல் மின்னலை நிறுத்திவைத்தேன். நேருக்கு நேர் உட்கார்ந்து, சிவந்து வா, சிவந்து வா என்று அடித்தேன். அவள் திரும்பிக்கொண்டாள், தும்மினாள், கேமராக் கயிற்றைச் சப்பினாள். ஜீப் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் சாவிக்கொத்தை ஆட்டி அவளைப் பார்க்கவைத்தார். ஐந்து படத்தில் இரண்டு கண்ணும் சிவப்பு. ஆறாவதில் மறுபடி வெள்ளை, இந்த முறை இடது கண்ணில். அவர் கேமராவை வாங்கிப் பையில் போட்டுவிட்டார்.

மதுரையில் டாக்டரம்மா சொட்டுமருந்து விட்டு, காத்திருக்கவைத்து, அப்புறம் வெகுநேரம் பார்த்தார். உள்ளே சுத்தமாக இருக்கிறது என்றார். குழந்தை ஓரமாகப் பார்க்கும்போது, கண்ணுக்குப் பின்னால் நரம்பு சேருகிற இடத்தில் ஃபிளாஷ் பட்டு வெள்ளையாகத் திரும்பியிருக்கிறதாம். சாவிக்கொத்துப் பக்கம் பார்த்த அந்த ஆறாவது படத்தில் நடந்ததும் அதுதானாம். நான் அழுததைப் பார்க்காததுபோல் சீட்டு எழுதினார்.

"படத்தப் பாத்துப் பயந்து வந்தது சரிதான். ஆனா படத்தப் பாத்துத் தைரியமா வீட்ல இருந்துடாதீங்க, ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

கண் சிவக்காமல் படம் எடுப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இன்றும் விளக்கைப் போடத்தான் சொல்லித்தருகிறேன், என் மகளை மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கண்ணும் சிவக்கச் சிவக்க எடுத்து வைத்துக்கொள்கிறேன்.