சின்னக்குழந்தையின் முருங்கைச் சாறு

சின்னக்குழந்தை பிடிவாதக்காரி என்று மலைமேல் புதூர்நாட்டில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். என் வாயைத்தான் கழுவ வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருஷம். நான் பிலிப்ராஜ், அங்கே விவசாயக் களப்பணியாளன். புருஷனை இழந்த அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கொல்லை நிலம். முழங்கால் உடைந்ததிலிருந்து குந்திக் களையெடுக்க முடியாது. ஒரு வருஷம் தரிசாகக் கிடந்தால் போதும், கொழுந்தன் முனியன் ஏர் பூட்டித் தனதாக்கிக்கொள்வான். அதனால்தான் கேழ்வரகுக்குக் களைக்கொல்லி அடிக்க என்னைக் கூப்பிட்டாள்.

மருந்துப் புட்டியின் மூடியால் அளக்க வேண்டியதை அவசரத்தில் அவள் வீட்டு ஆழாக்கால் அளந்து தொலைத்தேன். எட்டாம் நாள் களையோடு பயிரும் மஞ்சளாகிச் சுருண்டது. அளவு தப்பியதை நான் சொல்லவில்லை.

"அழிச்சிட்டு வேற விதைங்கக்கா."

"விதை ஏது சார்? இருந்ததெல்லாம் இதுலதான் கீது. மாடு விஷத்தழை மேஞ்சா இன்னா ஊத்துறோம்? முருங்கத்தழைச் சாறு. பயிருக்கும் அதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த திமிர். ஒரு மூலையை மட்டும் சாறு தெளிக்காமல் விடச் சொன்னேன். மழை பெய்தால் அது தானாகவே தேறும் என்றேன்.

உடைந்த காலை இழுத்து இழுத்து தினமும் நடந்து, தழையை அரைத்து, பழஞ்சேலையில் வடிகட்டி, தண்ணீர் கலந்து வேப்பங்கொத்தால் தெளித்தாள். முருங்கை மரம் மொட்டையானது. முனியன் வரப்பில் நின்று, "கொழம்புக்குக் கொஞ்சம் வெச்சிக்கினீங்களா அண்ணி?" என்றான்.

"உன் ஏரை வூட்லயே கட்டி வைடா," என்றாள்.

மழையும் பெய்தது. இருபது நாளில் குருத்து பச்சை விட்டது. என் மூலை மட்டும் கருகிக் கிடந்தது. கதிர் சிறுத்தாலும் கூழுக்கும் ஆயிற்று, விதைக்கும் ஆயிற்று. நானோ வெட்கமில்லாமல் "மழைதான் காப்பாத்துச்சு" என்றேன்.

அடுத்த வருஷம் பயிர் முளைத்ததும் ஆள் அனுப்பினாள். விதையைச் சாற்றில் ஊறவைத்தே விதைத்திருந்தாள்.

"மருந்து அடிங்க சார்."

"வேணாம்க்கா, பயமாயிருக்கு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, போன வருஷ மருந்துப் புட்டியின் மூடியை என் கையில் வைத்தாள். "ஜமுனாமரத்தூர் சந்தைல கேட்டேன். இதாலதான் அளக்கணுமாம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சும் ஏன்க்கா திட்டல?"

"திட்டினா திரும்பி வருவியா? களைக்கு எனக்கு ஆள் வேணுமே. அள, நான் பாக்குறேன்."