வரைபடத்தில் நான் சேர்த்த படித்துறை

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக நடந்து போகும் பாதை ஒன்றை வரைபடமாக்கி இணையத்தில் போட்டேன். சிதைந்த சிவன் கோயில், கொக்குகள் அடையும் மூங்கில் தோப்பு, குடமுருட்டி ஆற்றின் பழைய கல் படித்துறை. படித்துறைக்கு நேரே, ‘காலை வெயிலில் படம் எடுக்க ஏற்றது’ என்றும் எழுதினேன்.

தஞ்சாவூரிலிருந்து முதலில் வந்தவர்களை நானே அழைத்துப் போனேன். அவர்கள் படிகளில் இறங்கி கேமராவைத் தூக்கியதும், குளித்துக்கொண்டிருந்த பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய மாற்றுப் புடவைகள் எங்கள் காலடியில், படியில் இருந்தன.

“படம் புடிச்சு முடிச்சதும் சொல்லு பாப்பா,” என்றார் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, திரும்பாமலே. “நாங்க கரையேறணும். நடவுக்கு நேரமாச்சு.”

“இன்னும் கொஞ்ச நேரம் விட்டா நம்மளையே புடுங்கி நட்டுடலாம்டி,” என்றாள் இன்னொருத்தி. தண்ணீரிலிருந்து சிரிப்பு எழுந்தது. வந்தவர்களை அவசரமாக மேலே கூட்டி வந்தேன்.

அன்றே படித்துறையை வரைபடத்திலிருந்து நீக்கினேன். வரைபடத்தில் சேர்க்க நான் எடுத்திருந்த படித்துறைப் படம் இன்னும் போனில் முழுதாக இருந்தது. ஓரத்தில், தண்ணீருக்கு மேல் சில தலைகள். இணையத்தில் போடும்போது, படம் அழகாக இருக்கட்டும் என்று அந்த ஓரத்தை வெட்டியிருந்தேன்.

அவர்களை நான் பார்க்காமல் இல்லை. பார்த்துத்தான் வெட்டியிருக்கிறேன்.