ஜிம் வகுப்பில் வாங்கிய டி

பதினோரு வயதில் மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஹைஸ்கூலில் தினமும் ஜிம் என்ற உடற்பயிற்சி வகுப்பு உண்டு. லாக்கர் ரூமில் மற்றப் பெண்களோடு நின்று உடை மாற்றிக்கொண்டு, ஷார்ட்ஸில் வர வேண்டும். அம்மா ஷார்ட்ஸ் வாங்கித் தர மறுத்துவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். அத்தனை பேர் முன்னால் சட்டையைக் கழற்றுவதை நினைத்தாலே எனக்குக் கூசும். ஜீன்ஸோடு போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். உடை மாற்றாத ஒவ்வொரு நாளுக்கும் டீச்சர் ஒரு பூஜ்யம் போடுவார்.

ரிப்போர்ட் கார்டில் எல்லாம் ஏ, ஜிம் மட்டும், அதுவும் எழுத்துத் தேர்வின் புண்ணியத்தில், டி. அப்பா கையெழுத்துப் போடும்போது சிரித்தார். "விளையாட்டு மார்க்கை எவன் பாக்கப்போறான்?" என்றார். முதல் மூன்று வருடமும் அப்படியே போயிற்று.

கடைசி வருடம், கல்லூரி விண்ணப்பங்களைக் கவனிக்கும் கவுன்சிலர் என்னைக் கூப்பிட்டார். ஹைஸ்கூல் முடித்ததும் நேரே டாக்டர் படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளும் ஏழு வருடப் படிப்பு ஒன்று இருந்தது. எனக்கு அது கிடைத்துவிடும் என்று அப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எங்கள் பள்ளியில் ஜிம் மார்க்கும் சராசரியில் சேரும் என்றார் கவுன்சிலர். ரேங்கில் ஐந்தாவதாக இருக்க வேண்டிய நான் பத்தொன்பதாவதாக இருந்தேன். இதனால் இடம் போய்விடுமா என்று கேட்டேன். சில கல்லூரிகள் ஜிம்மைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கும், சில கழிக்காது, தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தார். அதுவரை அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஜிம் டீச்சர் முன்னால் நின்று, இது எங்கள் வழக்கத்தால் வந்தது, பெண்ணின் தப்பு இல்லை என்று சொன்னார். டீச்சருக்குக் குழப்பம். நீளமான ஸ்வெட் பேன்ட் போட்டாலே போதும், அதையும் பாத்ரூமில் மாற்றிக்கொள்ளலாம் என்று முதல் வருடமே இவளிடம் சொல்லிவிட்டேனே என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காரில் ஏறியதும் கேட்டார். "ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓட வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கலாம் என்பதற்காகத்தான் இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். அதை எப்படி அவரிடம் சொல்வது?

பழைய மார்க்கை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் விட்ட வகுப்புகளுக்கு மட்டும் பள்ளி விட்டதும் மைதானத்தைச் சுற்றி ஓடி ஈடுகட்டலாம். நவம்பர் குளிரில் ஓடினேன். அப்பா ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கும். நின்றால் அவர் பார்ப்பாரே என்று நிற்காமல் ஓடுவேன். அந்தப் பருவத்துக்கு பி கிடைத்தது. ரேங்க் ஒரே ஒரு இடம் ஏறியது.

ஏப்ரலில் அந்த ஏழு வருடப் படிப்புக்கு விண்ணப்பித்த கல்லூரியிலிருந்து மெல்லிய கவர் வந்தது. வருந்துகிறோம் என்பதைத் தவிர அதில் காரணம் ஏதும் இல்லை. அப்பா போன் பண்ணிக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்வதில்லை என்றாள் எதிர்முனைப் பெண். ரிசீவரை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது.

சமையலறையில் அம்மா அழுதாள். "நான்தானே ஷார்ட்ஸ் வேண்டாம்னேன். எம்பொண்ணு வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன்."

"அப்படியெல்லாம் இல்ல," என்றார் அப்பா. டீச்சர் சொன்னதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்திலிருந்த கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தேன். பிறகு மெடிக்கலுக்கு இரண்டு முறை அப்ளை பண்ணியும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலைக்குப் போனேன். ஜிம்மில் ஏ வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்காதோ என்னவோ. அதைச் சொல்ல யாரும் இல்லை. தெரிந்தவர்கள் வீட்டுப் பெண் டாக்டராகிவிட்டாள் என்று கேள்விப்பட்டால், அம்மா அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அப்பா இறந்துபோன பிறகு ஒரு மத்தியானம் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்வெட் பேன்ட், பாத்ரூம், கதைப் புத்தகம், அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, எல்லாம். அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டாள்.

"என் மனசு ஆறணும்னு சொல்ற," என்றாள். "அப்படி இருந்தா உங்கப்பா எங்கிட்ட சொல்லாம இருந்திருப்பாரா?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை அவள் நம்பவில்லை.