அரைகுறை விளையாட்டில் ஒரு திராட்சைத் தோட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதக் கடைசியில் தொடங்கியது இது. எனக்கு ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டியும் சாயங்காலமானால் வீடியோ கேம் விளையாட உட்கார்ந்துவிடுகிறவன். அதற்காக வீட்டில் வாங்காத திட்டில்லை, அது தனிக் கதை.

கேம் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. 'எர்லி ஆக்சஸ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். விளையாட்டைப் பாதி செய்திருக்கும்போதே விற்க ஆரம்பித்துவிடுவார்கள். நாம் வாங்கி விளையாடிக்கொண்டிருக்கலாம், குறை இருந்தால் எழுதலாம், அவர்கள் ஒரு பக்கம் திருத்திக்கொண்டே போவார்கள். அந்தத் திசையிலேயே நான் தலைவைத்துப் படுப்பதில்லை. காரணம், ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். ராஜா காலத்து விளையாட்டு ஒன்றை அப்படி வாங்கி, ஒரு மாதம் போராடி, கோட்டைக் கதவு வரைக்கும் போய்விட்டேன். 'இந்தக் கதவு விரைவில் திறக்கும்' என்று எழுதியிருந்தது. அதைச் செய்தவர்கள் கொஞ்ச நாளில் கடையைக் கட்டிவிட்டுக் காணாமல் போய்விட்டார்கள். என் வீரன் இன்றைக்கும் கையில் வாளோடு அந்தக் கதவு முன்னால்தான் நிற்கிறான். அன்றிலிருந்து கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: முழுசாக முடியட்டும், அப்புறம் வாங்கு.

என் தங்கை அனுமந்தன்பட்டியில் இருக்கிறாள். ஒன்றரை ஏக்கரில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனால் திரும்ப மூன்று நாள், நாலு நாள் ஆகும். அதனால் தோட்டம் முழுக்க அவள் பாடுதான். அந்த ஜூன் மாதம் பந்தல் கம்பியில் கொடியை இழுத்துக் கட்டும்போது ஸ்டூல் சரிந்து விழுந்துவிட்டாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. தேனியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன்.

விடிந்ததிலிருந்து வெயில் தாழும் வரை கொடிக்குக் கீழேயே கிடந்தவளைக் கட்டிலில் படுக்க வைத்தால் எப்படி இருக்கும்? முதல் வாரம் டி.வி. பார்த்தாள். இரண்டாவது வாரம் என் மனைவி சமைப்பதில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். வீட்டின் அமைதி கருதி நான் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. 'தோட்டம் வக்கிற மாதிரி விளையாட்டு எதுவும் இல்லையாண்ணே' என்று ஒரு நாள் அவளே கேட்டாள். தேடிப் பார்த்தேன். தக்காளி இருந்தது, கோதுமை இருந்தது, பூசணிக்காய் எல்லா விளையாட்டிலும் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர விடுகிற திராட்சைப் பந்தல் ஒரே ஒரு விளையாட்டில்தான் இருந்தது. அதுவும் எர்லி ஆக்சஸ். வேறு வழியில்லாமல் வாங்கினேன். வாங்கும்போதே, "இது அரைகுறை வேலை ஆத்தா. பாதியில நின்னுபோனா என்னைத் திட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

தலையணையைச் சாய்த்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் விளையாட ஆரம்பித்தாள். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஒரு மாதத்தில் அந்தத் திரைக்குள் ஒன்றரை ஏக்கர் பந்தல் எழும்பிவிட்டது. தூணுக்குத் தூண் இடைவெளி, வாய்க்கால் போகிற பக்கம், ஓரத்தில் ஒற்றைத் தென்னை, எல்லாம் அவளுடைய நிஜத் தோட்டம் மாதிரியே. சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் என் லேப்டாப் எனக்குக் கிடைக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

ஒரு நாள் கோபமாக இருந்தாள். "கவாத்து வெட்டாமயே திரும்பத் திரும்பக் காய்க்குதுண்ணே. கத்தியே படாம எந்த ஊருலண்ணே கொடி காய்க்கும்? இவுகளுக்கு ஒண்ணுந் தெரியல" என்றாள்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அறுப்பும் முடிந்து கொஞ்ச நாள் ஓய்வு விட்டதும் பந்தல் முழுக்க வெட்டி மொட்டையாக்குவார்கள். அதுதான் கவாத்து. முந்தின நாள் வரை வெயில் விழாத பந்தலில் மறுநாள் வெறும் கம்பியும் குச்சியும்தான் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் தோட்டமே பட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். பத்துப் பதினைந்து நாளில் கணுவுக்குக் கணு தளிர் விட்டு, தளிரோடு பிஞ்சுக் குலையும் எட்டிப் பார்க்கும்.

அவள் சொல்லச் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதி அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு அனுப்பினேன். குச்சியில் தளிர் விடுகிற கண்ணு எத்தனை விட்டு வெட்டுவது, எந்தக் குச்சியை அடியோடு எடுப்பது என்று ஒன்று விடாமல் சொன்னாள். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர்தான் அதைச் செய்கிறார்கள். நான்காம் நாள் பதில் வந்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி, மேலும் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். என் தங்கை அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் கணவர் லோடு இறக்கிவிட்டு வந்ததும் நான்காவது தடவை படிக்க வேண்டியதாயிற்று.

செப்டம்பரில் அவர்களிடமிருந்து பொதுவாக எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் கவாத்து சேர்க்கிறோம், அதற்காகக் கொடி வளரும் முறையையே மாற்றுகிறோம், ஆகவே இதுவரை எல்லோரும் வளர்த்த தோட்டங்கள் அழிந்துவிடும். எனக்குத் திக்கென்றது. அவள் சொன்ன குறையாலேயே அவள் தோட்டம் போகப் போகிறது. இதற்குத்தான் முடிந்த பிறகு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன் என்று மனதுக்குள் ஒரு பக்கம் ஜெயித்த சந்தோஷம். இன்னொரு பக்கம், படுக்கையில் கிடக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மறைத்துவிட்டேன்.

மறைத்தது அது ஒன்றை மட்டுமல்ல. நிஜத் தோட்டத்தில் செப்டம்பர் அறுப்பை மாப்பிள்ளை ஆள் வைத்து எப்படியோ முடித்துவிட்டார். அடுத்து கவாத்து வெட்ட வேண்டும். டாக்டர் வாக்கர் வைத்து நடக்கச் சொல்லியிருந்தார், ஆனால் எலும்பு மெதுவாகத்தான் கூடுகிறது என்றார். நானும் மாப்பிள்ளையும் பேசி, தோட்டத்தை மூன்று வருடம் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். தங்கையிடம், "முழுசா குணமாகட்டும் ஆத்தா, அதுக்கப்புறம் தோட்டத்துக்குப் போகலாம்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒருவரிடம் வாக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவர் வந்து எழுதிக்கொள்வதாகப் பேச்சு.

அதற்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் வெறும் மண். தூண் இல்லை, கம்பி இல்லை, ஓரத்துத் தென்னை கூட இல்லை. அறிவித்த மாற்றம் அன்று காலையிலேயே வந்துவிட்டது. வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"எல்லாத்தையும் வழிச்சு எடுத்துப்புட்டாகண்ணே" என்றாள். சிரித்தாள். "இங்கன பாரு, கத்தி குடுத்திருக்காக. நான் சொன்ன மாதிரியே சாய்ச்சு வெட்டுற கத்தி."

அவள் அழவில்லை என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில் வாய் உளறிவிட்டது. இப்படி ஆகும் என்று எனக்குப் போன மாதமே தெரியும், நீ தாங்க மாட்டாய் என்றுதான் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தாள்.

"வருசத்துக்கு ரெண்டு தடவ என் கையாலயே தோட்டத்த மொட்டையடிக்கிறவ நானு. மொட்டப் பந்தலப் பாத்து என்னைக்குண்ணே அழுதிருக்கேன்? நான் தாங்க மாட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "குத்தகையும் இப்பிடித்தான் பேசி முடிச்சிட்டீகளா, ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

நானும் மாப்பிள்ளையும் போனில் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பழைய பல்லவியைத்தான் திரும்பப் பாடினேன், கால் முழுசாகச் சரியாகட்டும் என்று.

"முழுசான்னா எந்த வருசம்ணே? மூணு வருசம் இன்னொருத்தன் கத்தி பட்ட கொடி எனக்கு அடையாளம் தெரியுமா? அந்த வெளிநாட்டுக்காரக வேலைய முடிச்சுப் பூட்டிட்டு வித்திருந்தாகன்னா நான் சொன்னத யாரு கேட்டிருப்பா? பாதியில தெறந்து விட்டதுனாலதான் எங்கிட்ட கேட்டாக. நீ எங்கிட்ட கேக்கவே இல்லையே."

கடையில் எத்தனையோ பேரிடம் எர்லி ஆக்சஸ் பற்றி மணிக்கணக்கில் வாதாடி ஜெயித்திருக்கிறேன். அன்றைக்கு என் தங்கையிடம் ஒரு நிமிடத்தில் தோற்றேன். தோற்றது விளையாட்டுப் பேச்சில் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவள் பிழைப்பை அவளைக் கேட்காமலே மூட்டை கட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை நானே குத்தகைக்காரர் வீட்டுக்குப் போய், வாக்குத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "வீட்டுல கேட்டுட்டுப் பேச வந்திருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு, ஆட்டோவில் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். முந்தின வாரம் பெய்த மழையில் மண் இளகிக் கிடந்தது. வாக்கரின் நாலு காலும் புதைந்தன. ஒவ்வொரு அடிக்கும் அதைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். நான் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்து, "கோழி பிடிக்கவா வர்ற? தள்ளி வா" என்றாள். கவாத்து வெட்ட வந்திருந்த ஆட்களெல்லாம் சிரித்தார்கள்.

பந்தலுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு குச்சியை நீட்டி நீட்டி அவள் சொல்ல, அவர்கள் வெட்டினார்கள். அங்கன நாலு கண்ணு விடு, இங்கன அந்தக் கிழட்டுக் கொம்பை எடு. மத்தியானத்துக்குள் பாதிப் பந்தல் மொட்டையாகி, அவள் மடியில் வெயில் விழுந்தது. அவளை அத்தனை சந்தோஷமாகப் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிப் போட்டேன். வேறு வேலை எதையும் என்னிடம் அவள் நம்பிக் கொடுக்கவில்லை.

பதினான்காம் நாள் தளிர் வந்தது. பிப்ரவரியில் அறுப்பு. இப்போது வாக்கர் இல்லை, கொஞ்சம் சாய்த்து நடக்கிறாள், அவ்வளவுதான். அந்த விளையாட்டு இன்னும் முடியவில்லை. இன்னொரு தடவையும் தோட்டத்தை அழித்தார்கள். அவள் அசரவில்லை, எலிகள் வந்து கொடியின் தூரைக் கடிப்பதைச் சேர்க்கச் சொல்லி என்னை எழுத வைத்திருக்கிறாள். நான் மட்டும் மாறவில்லை. எனக்கென்று வாங்கும் விளையாட்டு முழுசாக முடிந்திருக்க வேண்டும், கதவெல்லாம் திறக்க வேண்டும். அந்தக் கொள்கையில் எந்த மாற்றமும் இல்லை.

ஆனால் யாரையாவது பார்த்து 'முழுசா சரியாகட்டும், அப்புறம் வா' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், மொட்டைப் பந்தலுக்குக் கீழே வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் ஈர மண்ணில் நாலு நாலாகப் பதிந்திருந்த வாக்கர் குழிகள் ஞாபகத்துக்கு வருகின்றன, அந்த வார்த்தையை அப்படியே விழுங்கிவிட்டு 'உனக்கு என்ன தோணுது' என்று கேட்டுவிடுகிறேன்.