குறட்டை கேட்ட மத்தியானம்

“இந்த டப்பாவுல சிவப்புல என்னமோ போட்டிருக்கே, என்னம்மா அது?” என்று அப்பா கேட்டார்.

மகள் வாங்கிப் படித்தாள். “இந்த மாத்திரை சாப்பிடுறப்ப குடிக்கக் கூடாதாம்ப்பா. மூச்சே நின்னுடலாமாம்.”

“நான் என்ன, கரைச்சா குடிக்கிறேன்? அது காலையில, இது வேலை முடிஞ்சப்புறம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முகம் பாத்ததே கிடையாது.”

“வயித்துக்குள்ள பாத்துக்கும்ப்பா.”

“பாத்துக்கிட்டா பேசித் தீத்துக்கட்டும். நடுவுல நான் எதுக்கு?”

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனமில்லாமல் மகள் டப்பாவை மூடி வைத்தாள்.

அப்பாவுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை. கடை முகப்புகளுக்கு வரும் கண்ணாடியை ஒருவர் தூக்க முடியாது. தூக்கும் இருவரும் ஒரே உயரமாக, ஒரே நடையாக இருக்க வேண்டும். அப்பாவோடு தூக்குகிறவரை வீட்டில் எல்லாரும் ஜோடி என்றுதான் சொல்வார்கள். ஒருவர் படுத்தால் மற்றவருக்கும் வேலையில்லை. படியில் சறுக்கி இடுப்பு பிசகியபோது, ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரிடம் தலையாட்டிவிட்டு, அவர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அப்பா வேலைக்குப் போனது அதனால்தான். பெரிய கண்ணாடி கீறல் விழாமல் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் இருவரும் போய் ஆளுக்கொரு கிளாஸ் போடுவார்கள். போடாவிட்டால் அடுத்த கண்ணாடி உடையும் என்பது ஜோடியின் நம்பிக்கை.

பகலை மாத்திரை ஓட்டிக்கொடுத்தது. இரவில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பார். அம்மா கூடவே விழித்திருப்பாள். அந்த வீட்டில் தூக்கம் என்பது வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு போன சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

அன்று நகைக்கடை முகப்பு மத்தியானத்துக்குள் முடிந்தது. ஜோடி வழக்கத்தை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் இடுப்பு மறுபடி பிடித்துக்கொள்ள, அப்பா இன்னொரு மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகள் வேலையிலிருந்து வந்தபோது அம்மா வாசலிலேயே வாயில் விரலை வைத்தாள்.

“செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வா. அப்பா தூங்குறாரு.”

“இவ்வளவு சத்தமாவா?”

“இந்தக் குறட்டையைக் கேட்டு எத்தனை நாளாச்சு. கேக்கக் கேக்க எனக்கே கண்ணைச் சொக்குது.”

அம்மா ஜன்னலைச் சாத்தி, போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். கொரகொரவென்று வந்த குறட்டை நடுவில் நின்றது. மகள் தலையைத் தூக்கினாள். மறுபடி வந்ததும் டீயை ஆற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் மீண்டும் நின்றது.

“இப்பத்தான் நல்லா அசந்துட்டாரு,” என்றாள் அம்மா.

மகள் டீ கொண்டுபோய்த் தொட்டபோது அப்பாவின் கை சில்லிட்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“அது குறட்டை இல்லம்மா,” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். “மூச்சுத் திணறுற சத்தம். அந்த மாத்திரையும் குடியும் சேந்தா மூளைக்கு மூச்சு விடுறதே மறந்துடும். சத்தம் கேட்டதும் உலுக்கி எழுப்பிப் பாத்திருக்கணும். எழுந்திருக்கலேன்னா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு...” அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சாவு வீட்டில் ஜோடி மாத்திரையைத் திட்டினார். மாமா ஜோடியைத் திட்டினார். “தூக்கத்துலயே போறதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்,” என்ற பெரியம்மாவுக்கு மட்டும் மகள் காபி கொடுக்காமல் நகர்ந்தாள். நகைக்கடைக் கண்ணாடியில் இன்னும் ஒரு கீறல்கூட இல்லை என்று ஜோடி பெருமையாகவே சொன்னார்.

மகளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது அப்பா மட்டும்தான். போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டிருந்தார்.

“நான் எப்பவாவது கண்ணசந்தா, யாரு வந்தாலும் எழுப்ப விடாதேம்மா. உங்கம்மாவையும் சேத்துத்தான் சொல்றேன்.”