திங்கட்கிழமை ஓடிய தண்ணீர்

மேற்கு டெக்சாஸின் இந்தப் பாலைவன நகரத்தில் செடிகளுக்கும் கிழமை உண்டு. இரட்டைப்படைக் கதவெண் என்றால் செவ்வாய், வியாழன், சனி. ஒற்றைப்படைக்குப் புதன், வெள்ளி, ஞாயிறு. திங்களன்று எல்லாச் செடிகளுக்கும் விரதம். தெருவில் தண்ணீர் வழிந்தால் எந்தக் கிழமையானாலும் குற்றம். மகள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே விதிமுறை முழுவதையும் படித்து முடித்தேன். சென்னையில் முப்பது ஆண்டுகள் குடிநீர்ப் பொறியாளராக இருந்தவனுக்கு அதைவிடச் சுவையான வாசிப்பு இங்கே கிடைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை எதிர்வீட்டு வாசலிலிருந்து நுரையோடு தண்ணீர் சாலையோரம் ஓடியது. அங்கே இருப்பவள் யாழ்ப்பாணத்துக்காரி சுகந்தி, மருத்துவமனையில் வேலை. எங்களை விட்டால் தெருவில் தமிழ் பேசும் வீடு அது ஒன்றுதான். நான்கு படம் எடுத்து, நேரம் குறித்து, நகராட்சியின் செயலியில் புகார் அனுப்பினேன். பெயர் போடாமலும் அனுப்பலாம், போட்டேன். மொட்டைக் கடுதாசிகளைக் கிழித்துப் போட்டே பணிக்காலத்தைக் கழித்தவன் நான்.

பத்தாம் நாள் சுகந்தி நகராட்சியின் அபராத நோட்டீசோடு வந்தாள்.

"அங்கிள், இந்த ரூல்ஸ் எல்லாம் உங்களுக்குத்தானே அத்துப்படி. அப்பீல் ஒண்டு எழுதித் தாங்கோ."

"அன்னைக்கு அவ்வளவு தண்ணி எதுக்கும்மா?"

"ஊரில அம்மா தவறிட்டா. க்ரீன் கார்ட் இன்னும் வரேல்ல, போனா திரும்ப வர ஏலாது. அண்டைக்கு முப்பத்தோராம் நாள் கிரியை. அதான் வீடு கழுவினனான்."

சென்னையில் ஒருமுறை, குழாயில் திருட்டு மோட்டார் வைத்த வீட்டுக்குப் பறிமுதல் ஆணையோடு போனேன். வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைத் திருப்பச் சொன்னேன்; அப்படி எந்த விதியிலும் இல்லை. இங்கே சங்கும் இல்லை, வாசலில் செருப்புக் குவியலும் இல்லை. ஒரு மாதமாக அவள் வழக்கம்போலக் கையசைத்துவிட்டு வேலைக்குப் போய்வந்தாள். அந்தச் சாவிலிருந்து தெருவுக்கு வந்தது அந்தத் தண்ணீர் மட்டும்தான். அதைத்தான் நான் படம் எடுத்திருந்தேன்.

"புகார் குடுத்தது நான்தாம்மா."

அவள் நோட்டீசை மெதுவாக மடித்தாள். "நல்லாயிருக்கு அங்கிள். நான் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனையெல்லோ மூண்டு நாளா திட்டிக்கொண்டிருந்தனான்! ஒருக்கா பெல் அடிச்சுக் கேட்டிருக்கலாமே?"

புகாரைத் திரும்பப் பெறச் செயலியில் வழி தேடினேன். விதிப்படி முடியாதென்று தெரிந்தேதான் தேடினேன். பிறகு முறையீட்டை எழுதினேன். முதல் மீறல், ஈமச்சடங்கு, எச்சரிக்கையே போதுமானது. பணியில்கூட அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. அவள் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

"விசாரணைக்கும் நீங்கள்தான் கூட வரவேணும். எனக்கு அழுகை வந்திடும், கதைக்க ஏலாது."

விசாரணை அறையில் இரண்டு மேசைகள், தரப்புக்கு ஒன்று. "விச் பார்ட்டி, சார்?" என்றாள் எழுத்தர்ப் பெண். "போத்," என்றேன்; இரண்டு தரப்பும்தான். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பட்டியலில் என் பெயரைத் தேடி, புகார்தாரர் மேசையை விரலால் காட்டி, நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னாள். கோப்போடு நடுவில் நின்றேன். எதிர் மேசையில் சுகந்தி, என்னைப் பார்க்காமலே, பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.